கோளாறு பிடிலில், குட்டு பையனுக்கு!

சென்னையில் சாயங்காலம் மயிலாப்பூர், மாம்பலம், நங்கநல்லூர் பக்கம் நடந்து போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். ஏதாவது ஒரு மாடியிலிருந்து "கீச்... கீச்..." என்று வரும். பிடில் கிளாஸ்!

பையன் வில்லை இழுக்கிறான். சுருதி சேரவில்லை. "காது எங்கேடா போச்சு?" என்று வாத்தியார் அதட்டுகிறார். "மாசா மாசம் பீஸ் தண்டம்" என்று அப்பா முணுமுணுக்கிறார். மூன்று மாதம் இப்படியே போகும். நாலாவது மாதம் பிடில் பரண் ஏறிவிடும். பையன் கிரிக்கெட் மட்டையோடு தெருவுக்குப் போய்விடுவான்.

ஆனால், எத்தனையோ வீடுகளில் குற்றவாளி பையன் அல்ல. பிடில்தான்!

பிருடை நிற்காமல் வழுக்கினால் மகா வித்வான் வந்தாலும் சுருதி நிற்காது. தந்தி விரல்பலகையை விட்டு எட்டி நின்றால் பிஞ்சு விரல் அழுத்த முடியாமல் தவிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினால் ஸ்வரம் ஏறிப் பேசும். இரண்டு வருஷமாக மாற்றாத தந்தி, பிருடையை எப்படித் திருகினாலும் அபஸ்வரம்தான். "அறுந்தால் மாற்றிக்கலாம்" என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தந்தி அறுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே செத்துப் போகிறது. நம் ஊர் வியர்வையும் கடற்காற்றும் அதற்குப் போதும்.

பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தனக்குச் சங்கீதமே வராது என்று முடிவு கட்டிவிடுகிறான்.

ஒட்டாமல் நிற்கும் இருவர்

பிடிலின் வயிற்றில் நிற்கிறதே குதிரை, அதற்குப் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. சுருதி கூட்டக் கூட்ட, தந்தி அதன் தலையைப் பிருடை பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வரும். ஒருநாள் "படார்!" குதிரை விழும். சில சமயம் பலகையில் கீறலும் விழும்.

பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாலே சாய்வு தெரிந்துவிடும். வால் பக்கம் பார்த்த முகம் பலகைக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். இரண்டு காலும் பலகையில் படிந்திருக்க வேண்டும். காலடியில் காகிதம் நுழையக் கூடாது. சாய்ந்திருந்தால் தந்திகளைச் சற்றே தளர்த்தி, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். பயமாக இருந்தால் வாத்தியாரிடம் கொடுத்துவிடுவது நல்லது. குதிரை நகர்கிறதே என்று பசை போட்டு ஒட்டிவிடும் புண்ணியவான்களும் உண்டு. அவர்களை என்ன சொல்வது!

இன்னொருவர் உள்ளே ஒளிந்திருக்கிறார். சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சி. பென்சில் பருமன்கூட இருக்காது. கீழ்ப்பலகைக்கும் மேல்பலகைக்கும் நடுவே, குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், இறுக்கத்தில் மட்டும் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஆன்மா'. குச்சி ஒரு நூல் நகர்ந்தால் நாதமே மாறும்.

நாலு தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு சுமார் 20 கிலோ. அதைத் தாங்கும் மேல்பலகையின் கனமோ சுமார் 3 மில்லிமீட்டர்தான். உள்ளே குச்சி உருளும் சத்தம் கேட்டால் உடனே எல்லாத் தந்திகளையும் தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் பலகை உள்வாங்கும். புதுத் தந்தி போடும்போது நாலையும் ஒரே சமயத்தில் கழற்றக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

குளிர்தேசத்து மரம்

பிடில் ஐரோப்பாவில் பிறந்த வாத்தியம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். வாத்தியம் நம்மவர் ஆகிவிட்டது. மரம் ஆகவில்லை! மேல்பலகை ஸ்ப்ரூஸ், கீழ்ப்பலகை மேப்பிள். இரண்டும் குளிர்தேசத்து மரங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தைக் குடித்து உப்பும். பிருடை அசையாமல் அடம்பிடிக்கும். அதே பிடிலை மார்கழிக் கச்சேரிக்கு ஏ.சி. சபாவுக்குள் கொண்டுபோனால் ஈரம் வற்றி, பிருடை 'விர்'ரென்று கழன்று சுற்றும். பாடகர் ஆலாபனையைத் தொடங்கிவிட்டார், பக்கத்தில் பிடில்காரர் பிருடையோடு மல்லுக்கட்டுகிறார். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

நம் ஊர் பிடிலுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. இன்று ஆண் பாடகருக்கு 1 கட்டை, நாளை பாடகிக்கு 5 கட்டை என்று சுருதி ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் குதிரையும் பிருடையும்தான் அடிபடுகின்றன. கட்டை மாற்றியதும் குதிரையை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

பிருடை வழுக்கினால் சாக்பீஸ் பொடி துளி, இறுகினால் உலர்ந்த சோப்பு துளி. இது பழைய கை வைத்தியம். சுத்தியலால் தட்டி இறுக்கினால் பிருடைப் பெட்டியே பிளந்துவிடும்.

வஜ்ஜிரம் விடும், பலகை பிழைக்கும்

மழைக்காலத்தில் ஓரத்தில் ஒட்டு விட்டுப்போவது சகஜம். வாசிக்கும்போது 'கிர்'ரென்று ஒரு அதிர்வு கேட்கும். விரல் மடக்கி ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தால், விட்ட இடத்தில் ஓட்டைச் சத்தம் வரும். உடனே தச்சுப்பட்டறை வெள்ளைப் பசையை எடுத்துப் பிதுக்குகிறார்கள். பிடிலுக்குச் செய்யக்கூடிய பெரிய கொடுமை இதுதான்.

பிடிலைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. தோல், எலும்பு காய்ச்சிய வஜ்ஜிரத்தால்தான் ஒட்டியிருக்கிறார்கள். மரம் உப்பி, சுருங்கித் திமிறும்போது வஜ்ஜிரம் முதலில் விட்டுக்கொடுத்துவிடும். பலகை தப்பிக்கும். பிறகு பழுது பார்ப்பவர் சுடுவஜ்ஜிரம் தொட்டு மறுபடி ஒட்டிவிடுவார். வெள்ளைப் பசை விட்டுக்கொடுக்காது. அப்போது கிழிவது பலகைதான். அப்புறம் திறந்து ரிப்பேர் பார்ப்பதும் பெரும்பாடு. ஒட்டு விட்டால் தந்தியைத் தளர்த்தி, பிடில் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். தெருவுக்கு ஒருவர் கிடைக்கமாட்டார். விசாரித்துத்தான் போக வேண்டும்.

இதே காரணத்தால், கண்ணாடி ஏற்றிய காரில் பிடிலை விட்டுவிட்டு ஓட்டலுக்குள் நுழையக் கூடாது. மே மாத வெயிலில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். வஜ்ஜிரம் இளகும், வார்னிஷ் பெட்டித் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

சரஸ்வதி பூஜை பொட்டு

வருஷம் ஒருநாள் பிடிலுக்கு ராஜ மரியாதை. சந்தனம், குங்குமம், பூ எல்லாம் பலகை மேலேயே! பக்தி நல்லதுதான். ஆனால் ஈரச் சந்தனம் வார்னிஷில் காய்ந்து உட்கார்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பொட்டைப் பெட்டிக்கு வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மீதி 364 நாளும் அதைத் துடைப்பார் இல்லை. வில்லிலிருந்து கொட்டும் ரோசின் தூள் வெள்ளையாகப் படிந்து, நாளடைவில் அரக்கு மாதிரி இறுகிவிடும். "ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா போயிடும்" என்பார்கள். போகும். கூடவே வார்னிஷும் போகும்! வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் பலகையையும் தந்தியையும் உலரத் துடைத்தால் போதும். இரண்டு நிமிஷ வேலை.

கமகம் வழுக்கிக்கொண்டு வர விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் பழக்கம் நம் வித்வான்களிடம் உண்டு. அந்த எண்ணெய், வில் படும் இடத்தில் தந்தி மேல் பட்டால் தொலைந்தது. வில் பிடிக்காமல் வழுக்கும். வில் ரோமத்தைக் கையால் தொடவே கூடாது என்பதும் அதற்காகத்தான்.

அரிசி வைத்தியம்

பல வருஷம் பரணில் கிடந்த பிடிலுக்குள் பஞ்சு மாதிரி தூசி உருண்டிருக்கும். ஒரு பிடி உலர்ந்த பச்சரிசியை மேல் துளை வழியாகப் போட்டு, மெதுவாக ஆட்டி, கவிழ்த்துக் கொட்டினால் தூசியும் சேர்ந்து வந்துவிடும். மேல்நாட்டுப் பழுதுக்காரர்களும் செய்யும் வேலை இது.

அப்போது உள்ளே எட்டிப் பார்த்தால் 'ஸ்ட்ராடிவேரியஸ்' என்ற சீட்டு கண்ணில் படலாம். உடனே கோடீஸ்வரக் கனவு வேண்டாம்! அசல் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி இத்தாலியில் கிரெமோனா நகரத்துக்காரர், 1737இல் காலமானார். அவர் செய்த வாத்தியங்களில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 650. ஆனால் அவர் பேரில் சீட்டு ஒட்டி ஜெர்மன் பட்டறைகள் பின்னாளில் தள்ளிய பிடில்களோ ஆயிரக்கணக்கில். சீட்டு எதுவானாலும் தூசி தட்டுவதில் தப்பில்லை. தாத்தா வாசித்தது அல்லவா?

மூடிய பெட்டியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வில்லில் 150 முதல் 200 குதிரைவால் ரோமம் இருக்கும். இருட்டில் அதைத் தின்று தீர்க்க ஒரு பொடிப் பூச்சி உண்டு. மாதக் கணக்கில் மூடி வைத்துத் திறந்தால் ரோமம் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விட்டால் பூச்சி அண்டாது. பெட்டியை மட்டும் வெயிலில் காய வைக்கலாம், பிடிலை அல்ல.

வில்லின் திருகைத் தளர்த்தாமல் பெட்டியில் போடுகிறவர்கள் ஏராளம். இழுத்துக் கட்டிய ரோமம் ராத்திரி பகலாக இழுத்து, குச்சியின் வளைவையே கெடுத்துவிடும்.

மின்சார ரயிலில் பிடில் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் பெட்டியை மேல் பலகையில் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் உட்காருகிறார்கள். பிரேக் போட்டால் விழப்போவது யார் தலையில் என்று யாருக்கும் தெரியாது! மடியில் வைத்துக்கொள்ளலாம். இடமில்லாவிட்டால் காலுக்கு நடுவே நிறுத்திக்கொள்ளலாம்.