ஈர விறகும் இறையருளும்

ஈர விறகை நெருப்பில் இட்டால் என்ன நிகழும் என்பதை அறியாதார் யார்? உடனே அது எரிவதில்லை. சீறுகிறது, நீரைக் கக்குகிறது, கண்ணைக் கரிக்கும் புகையைப் பரப்பி, முன்னிருந்ததைவிடக் கறுத்தும் போகிறது. சற்றுப் பொறுத்தாலோ அதே விறகு தணலாகி, நெருப்பின் ஒளியையும் வெம்மையையும் தனதாக்கிக்கொண்டு விளங்குகிறது. ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைத் துறவியான சிலுவை அருளப்பர், உள்ளம் தூய்மை அடைவதை விளக்க எடுத்தாண்ட உவமை இது.

அவர் 1542-ஆம் ஆண்டில் பொந்திவேரோஸ் என்னும் சிற்றூரில், வறிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவிலா நகரத்துத் தெரேசம்மாளுடன் சேர்ந்து தம் சபையைச் சீர்திருத்த முற்பட்டார். அதனை விரும்பாத சபையினரே 1577 டிசம்பரில் அவரைப் பிடித்துச் சென்று, தொலேதோ நகரில் ஒரு சிற்றறையில் அடைத்தனர். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அவ்விருளில் கிடந்து, 1578 ஆகஸ்டில் தப்பினார். எனவே, 'இருண்ட இரவு' என்னும் அவரது நூலை வெறும் ஏட்டறிவில் விளைந்தது என்று எவரும் சொல்ல இயலாது.

அந்நூலின் தொடக்கம் நம்மைத் திடுக்கிட வைப்பது. அவர் முதலில் பேசுவது கொடியவர்களைப் பற்றியன்று; பக்தியில் ஈடுபட்டோரைப் பற்றியே. செபமும் நோன்பும் இனிக்கத் தொடங்கியதும், செருக்கு மெல்ல நுழைகிறது. கற்பதைவிடக் கற்பிக்கவே மனம் விழைகிறது. தம்மைப்போல் வழிபடாதாரை இகழ்கிறது. பாவத்தை அறிக்கையிடும்போதுகூடக் குருவின் நன்மதிப்புக் குறையாதபடி சொற்களைத் தேடுகிறது. இவ்வகந்தையை மனிதன் தன் முயற்சி ஒன்றாலேயே களைதல் அரிது. ஏனெனில், முயற்சி வென்றால் அவ்வெற்றியே அகந்தைக்கு உணவாகிவிடும்!

ஆதலின் அருளே முன்வந்து செயற்படுகிறது. முதலில் அது பக்தியின் இனிமையை நீக்குகிறது. கடவுள் கைவிட்டாரோ என்று நெஞ்சு கலங்குகிறது. விறகு புகையும் காலம் இதுவே. அந்தக் கருமையும் நாற்றமும் நெருப்புக் கொண்டுவந்தவை அல்ல. விறகினுள் முன்பே மறைந்திருந்தவை. இதனை உணர்ந்தவன், அயலானின் குறைகளை எண்ணுவதை விடுகிறான். தாழ்மை என்பது தன்னைத்தான் வெறுத்தல் அன்று. தன் உண்மை நிலையை ஒப்புக்கொள்ளுதல்.

எல்லாச் சோர்வும் இவ்விரவு ஆகுமோ? ஆகாது. உடல்நலக் குறைவாலும் அசட்டையாலும் சோர்வு வருவதுண்டு. உலக இன்பங்களிலும் சுவையின்மை, கடவுளுக்குச் செவ்வனே பணிசெய்யவில்லையே என்ற கவலை, முன்போல் சிந்தித்துத் தியானிக்க இயலாமை ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படவேண்டும் என்கிறார் அவர். அந்நிலையில் மனிதனுக்குரிய கடமை ஒன்றே: நெருப்பைவிட்டு விலகாதிருத்தல்.

1591-இல் நோயுற்றபோது அவர், தம்மை நன்கறிந்தோர் இருந்த மடத்தை விடுத்து, அறியாதார் இருந்த ஊபெதா நகர் மடத்தையே நாடினார். அங்கிருந்த தலைவர் அவரிடம் கடுமை காட்டினார்; பின்னர் மனம் மாறி மன்னிப்பும் வேண்டினார். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அருளப்பர் மறைந்தார். தணலான விறகு, அருகில் கிடந்த ஈர விறகையும் பற்றவைத்துவிட்டே அணைந்தது.