ஸ்ட்ரைப்பர் எப்போது வரும்?

பிப்ரவரி கடைசி வாரத்தில் நியூஜெர்சியின் ராரிட்டன் விரிகுடாப் பக்கம் எந்தத் தூண்டில் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே பேச்சுதான். இந்த வருஷம் ஸ்ட்ரைப்பர் எப்போது வரும்? சீசன் எப்படி இருக்கும்? மார்ச் 1ஆம் தேதி விரிகுடாவிலும் ஆறுகளிலும் இந்த மீனைப் பிடிப்பதற்கான குளிர்காலத் தடை நீங்குகிறது. அன்றைக்குத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். ஆனாலும் விடியும் முன்பே கிளிஃப்வுட் கரையிலும் கீபோர்ட்டிலும் ஆட்கள் வரிசையாக நின்றிருப்பார்கள். எடிசனில் குடியிருக்கும் நானும் அவர்களில் ஒருத்தி.

மீன் எப்போது வரும் என்பதற்குக் கரையிலேயே பதில் இருக்கிறது. தண்ணீர், காற்று, இரைமீன், பறவை, வேலியோரத்துப் பூச்செடி எல்லாமே சேதி சொல்லும். எவ்வளவு மீன் வரும் என்பதற்கான பதில் அங்கே இல்லை; அது பல வருடங்களுக்கு முன்பே, இங்கிருந்து வெகு தெற்கே தீர்மானமாகிவிட்டது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால் மீனுக்கு எவ்வளவு கேடு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்ட்ரைப்டு பாஸ் என்பது முழுப்பெயர். வெள்ளி உடம்பில் தலை முதல் வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும். முப்பது வயதுவரை வாழக்கூடியது. 2011இல் கனெக்டிகட் கரையோரம் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீனின் எடை 81.88 பவுண்டு, அதாவது 37 கிலோவுக்கு மேல். இன்றுவரை அதுதான் உலக சாதனை. நம் ஊர்க் கொடுவாவின் வாழ்க்கையைத் தலைகீழாகத் திருப்பினால் இந்த மீனின் வாழ்க்கை. கொடுவா உப்புத்தண்ணீரில் முட்டையிட, அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்கும் நன்னீருக்கும் ஏறி வளரும். ஸ்ட்ரைப்பரோ கடலில் வளர்ந்து, வசந்தத்தில் ஆறேறி நன்னீரில் முட்டையிடும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் திரியும் ஸ்ட்ரைப்பர்களில் பெரும்பங்கு மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களில் பரந்திருக்கும் செசபீக் விரிகுடாவின் ஆறுகளில் பிறந்தவை. மற்றவை டெலவேர், ஹட்சன் ஆறுகளின் பிள்ளைகள். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு, வசந்தத்தில் பிறந்த ஆறுகளுக்குப் போய், கோடையில் வடக்கே மெய்ன் மாநிலம் வரைகூட ஏறும். இலையுதிர் காலத்தில் அதே கரையோரமாகத் திரும்பும்.

ஹட்சனுக்குப் போகும் மீன் உள்ளே நுழையும் முன் தங்கி இரை எடுக்கும் இடங்களில் ஒன்று எங்கள் ராரிட்டன் விரிகுடா.

சேறு சூடாகும் நாள்

நான் முதலில் பார்ப்பது தண்ணீரின் சூடு. பத்து டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஸ்ட்ரைப்பர் சோம்பல் முறித்து இரை தேட ஆரம்பிக்கும். இங்குள்ளவர்கள் கணக்கில் அது ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட். சாண்டி ஹூக் முனையில் 'நோவா' எனப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் அளவுநிலையம் ஒன்று இருக்கிறது. கடல்மட்டத்தையும் தண்ணீரின் வெப்பத்தையும் அது விடாமல் பதிவு செய்கிறது. காலையில் காபி போடும்போதே கைபேசியில் அதைப் பார்த்துவிடுவேன்.

ஆனால் அந்த எண் விரிகுடாவின் வாயிலில் எடுத்தது. உள்ளே கதை வேறு. எனக்கு இதைப் புரியவைத்தவர் நான் வழக்கமாகப் புழு வாங்கும் கடையின் பெரியவர். "வாயில்ல என்ன சூடுன்னு பாத்து என்ன பிரயோஜனம்? உள்ள சேறு எப்படிக் காயுதுன்னு பாருங்க" என்றார். விரிகுடாவின் மேற்குக் கோடி ஆழமில்லாதது; அடியில் கறுத்த சேறு. வற்றத்தில் தண்ணீர் இறங்கியதும் அந்தச் சேற்றுத்திடல் வெயிலில் கிடந்து சூடேறும். பிறகு ஏற்றத்தில் அதன்மேல் பரவும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அடுத்த வற்றத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஓடைவாய்கள் வழியே வெளியேறும். சேற்றில் இருக்கும் புழுவும் மட்டியும் அந்த இளஞ்சூட்டில்தான் முதலில் அசையத் தொடங்கும். பசித்த மீன் அங்கே வந்து காத்திருக்கும்.

அதனால் மார்ச்சில் விடியற்காலையைவிடப் பிற்பகல் நல்லது. நடுப்பகலில் முழு வற்றம் வருகிற, மேகமில்லாத நாளாகப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். கயிற்றில் கட்டிய வெப்பமானியை ஓடைவாயில் இறக்கிப் பார்த்தால், வாயிலின் அளவைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டும் நாட்கள் உண்டு. குளிரில் மந்தமாக இருக்கும் மீனுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

காற்றின் இரண்டு முகம்

அடுத்தது காற்று. பலத்த வடமேற்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் விரிகுடாத் தண்ணீரையே கடலுக்குத் தள்ளிவிடும். வற்றம் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். ஏறிய சூடும் போய்விடும். தென்மேற்குக் காற்று நிலத்தின் வெம்மையைக் கொண்டுவந்து விரிகுடாவைச் சூடாக்கும்.

அதே தென்மேற்குக் காற்று, கோடை நெருங்க நெருங்க, திறந்த கடற்கரையில் நேர்மாறான வேலையைச் செய்யும். பூமியின் சுழற்சியால் வடகோளத்தில் மேல்தண்ணீர் காற்றடிக்கும் திசைக்கு வலப்பக்கமாக ஒதுங்கும். நியூஜெர்சிக் கரைக்கு இணையாக வடகிழக்கு நோக்கி அந்தக் காற்று வீசும்போது, வலப்பக்கம் என்பது ஆழ்கடல் பக்கம். சூடான மேல்தண்ணீர் கரையைவிட்டு விலக, அடியில் தங்கியிருக்கும் குளிர்ந்த நீர் அந்த இடத்துக்கு மேலேறும். வெளியே வெயில் கொளுத்தும்போது காலை நனைத்தவர்கள் அலறிக்கொண்டு கரையேறுவது இதனால்தான். ஸ்ட்ரைப்பருக்கு ஒரேயடியான சூடும் ஆகாது, சடாரென்ற குளிரும் ஆகாது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வுக்குழு செயற்கைக்கோள் வெப்பப் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. அதில் கரையோரம் நீலப்பட்டை ஒன்று விழுந்திருந்தால், அந்த வாரம் திறந்த கடற்கரைக்குப் போகாமல் விரிகுடாவுக்கே போகலாம் என்று முடிவு செய்வேன்.

பங்கரும் பறவையும்

ஏப்ரலில் புழுவின் காலம் முடிந்து பங்கரின் காலம் தொடங்கும். பங்கர் என்பது மென்ஹேடன் மீனுக்கு இங்குள்ள பெயர். கொழுப்பு மிகுந்த, கூட்டமாகத் திரிகிற, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் மீன் அது. முட்டையிடப் போகும் பெரிய பெண் ஸ்ட்ரைப்பருக்கு அதைவிடச் சத்தான இரை இந்தக் கரையில் அரிது. பங்கர் நுழைந்துவிட்டால் பின்னாலேயே ஸ்ட்ரைப்பரும் நுழையும்.

பங்கர் வந்ததைத் தண்ணீருக்கு முன்னால் வானம் சொல்லும். மார்ச் நடுவில் தெற்கேயிருந்து விராலடிப்பான் பருந்துகள் கூட்டுக்குத் திரும்பும். ஏப்ரலில் அவற்றின் நகத்தில் பங்கர் தொங்கினால் மீன் உள்ளே வந்துவிட்டது என்று பொருள். வெளியே கடலில் கன்னெட் என்ற பெரிய வெள்ளைப் பறவைகள் உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு தலைகுப்புறப் பாயும். பாய்கிற இடம் நாளுக்கு நாள் கரையை நெருங்கினால், சீசனும் நெருங்குகிறது.

பூவுக்கும் இதில் பங்குண்டு. ஃபோர்சித்தியா என்ற புதர்ச்செடி இலை விடும் முன்பே மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். அது பூத்தால் தூண்டிலை எடு என்பது இந்தக் கரையில் பழைய வழக்கு. கேட்கும்போது வெறும் நம்பிக்கை என்று தோன்றலாம்; ஆனால் காரணம் இருக்கிறது. நாட்காட்டியைப் பார்த்து அந்தச் செடி பூப்பதில்லை. குளிர்காலம் முடிந்து நாளாவட்டத்தில் சேர்ந்த வெப்பம் ஓர் அளவை எட்டினால் பூக்கும். ஆழமில்லாத சேற்றுத்திடலும் அதே வெயிலில் அப்படித்தான் காய்கிறது. என் நோட்டுப்புத்தகத்தில் வெப்பம், காற்று, ஓதம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் எங்கள் தெருமுனைப் புதர் பூத்த தேதியையும் எழுதிவைக்கிறேன். குளிர் நீண்ட வருடங்களில் பூவும் மீனும் சேர்ந்தே தாமதிக்கின்றன.

மே மாதம் ஆற்றுத் தண்ணீர் 15 முதல் 18 டிகிரிக்கு வந்ததும் ஹட்சனில் முட்டையிடுதல் சூடுபிடிக்கும். முடித்த மீன் கடலுக்கு இறங்கி, ஜூனில் கடற்கரையோரமாக வடக்கே போய்விடும். இதுவரை சொன்னதெல்லாம் எப்போது என்ற கேள்விக்கான பதில்.

எவ்வளவு என்ற கேள்வி

1954 முதல் மேரிலாந்து மாநிலம் ஒரு கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் செசபீக்கின் முட்டையிடும் ஆறுகளில் 22 இடங்களில் சுமார் முப்பது மீட்டர் நீளக் கரைவலையை இழுத்து, அந்த வசந்தத்தில் பிறந்த ஸ்ட்ரைப்பர் குஞ்சுகளை எண்ணிவிட்டு விடுகிறார்கள். ஓர் இழுப்புக்குச் சராசரியாக எத்தனை குஞ்சு என்பதே அந்த வருடத்தின் குறியீடு. நீண்டகாலச் சராசரி சுமார் 11. 1996இல் 59.4 வந்தது, 2011இல் 34.6, 2015இல் 24.2. 2023இல் 1.0, 2024இல் 2.0; 2025இல் 4.0. 2019 முதல் 2025 வரை ஒரு வருடம்கூடச் சராசரிக்குப் பக்கத்தில் வரவில்லை.

பெண் மீன் முட்டையிடும் பக்குவத்துக்கு வர நான்கு முதல் எட்டு வருடம் ஆகும். ஆகவே இன்றைய குறியீடுதான் பல வருடம் கழித்து எங்கள் விரிகுடாவுக்கு வரப்போகும் மீன். என்னைப் பொறுத்தவரை இதைவிட நம்பகமான முன்னறிவிப்பு வேறில்லை. ஆனால் கடைகளில் இந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

காரணம், கண்முன்னே மீன் தெரிகிறது. பங்கர் நிறைந்த ஒரு விரிகுடாவில் 2011, 2015 தலைமுறைப் பெரிய மீன்கள் கூட்டமாக வந்து நிற்கும்போது, யாருக்கும் பஞ்சம் என்று தோன்றாது. 2022இல் அதுதான் நடந்தது. 2015இல் பிறந்தவை சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தன. மீன் கரைக்கு அருகிலேயே இருந்தது. பொழுதுபோக்கு மீனவர்கள் வீட்டுக்கு எடுத்துச்சென்ற மீன் 2021ஐப்போல ஏறக்குறைய இரு மடங்கானது. அட்லாண்டிக் மாநிலங்கள் கடல்மீன்வள ஆணையம் 2023இல் அவசர ஆணை போட்டு, கடலில் வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் உச்ச நீளத்தை 31 அங்குலமாகக் குறைத்தது. இன்று நாங்கள் பொதுவாக ஒரு நாளைக்கு ஒருவர் ஒரு மீன், அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருந்தால் எடுக்கலாம்.

விட்டுவிடுகிறேனே என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. விடப்பட்ட மீனில் நூற்றுக்கு ஒன்பது இறந்துபோவதாக ஆணையம் கணக்கு வைத்துக்கொள்கிறது. இரைவைத்துப் பிடிப்பவர்கள் வட்டமுனைத் தூண்டில்முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது இதற்காகவே. அந்த முள் தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். நான் மீனைத் தண்ணீரைவிட்டு முழுசாகத் தூக்குவதில்லை. கோடையில் தண்ணீர் 21 டிகிரியைத் தாண்டினால் ஸ்ட்ரைப்பரைத் தேடிப் போவதையே நிறுத்திவிடுவேன். சூட்டுத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. போராடிக் களைத்த மீன் நீந்திப்போனாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

பொறுத்திருந்தால் பலன் உண்டு என்பதற்கு இந்தக் கரையே சாட்சி. எழுபதுகளின் முடிவில் இந்த மீன் அழிவின் விளிம்புக்கு வந்தது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. 1985இல் மேரிலாந்து முழுத்தடை விதித்தது. 1982இல் பிறந்த சுமாரான தலைமுறை முட்டையிடும்வரை காப்பாற்றப்பட்டது. 1989இல் குறியீடு 25ஐத் தொட்டது; 1995இல் ஸ்ட்ரைப்பர் மீண்டுவிட்டதாக ஆணையம் அறிவித்தது.

எந்த வருடத்தில் குஞ்சுகள் பிழைக்கின்றன? நீண்ட குளிரும் நல்ல மழையும் உள்ள வசந்தங்களில். ஸ்ட்ரைப்பர் முட்டை ஓடும் நீரில் மிதந்தபடி இரண்டே நாளில் பொரியும். வெளிவரும் குஞ்சுக்குச் சில நாட்களிலேயே நுண்ணிய மிதவை உயிரிகள் இரையாகக் கிடைக்க வேண்டும். குளிர்காலம் மிதமாகவும் வறட்சியாகவும் இருந்தால் அந்த உயிரிகள் முன்கூட்டியே பெருகி, குஞ்சு வரும் நேரத்தில் குறைந்துவிடும். குளிரும் ஆற்றுவெள்ளமும் அந்தப் பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு, குஞ்சு பொரியும் வேளையோடு சேர்த்துவைக்கும்.

எங்கள் சீசனைத் தாமதமாக்குவதும் அதே குளிரும் மழையும்தான். சேறு காயாது, ஆற்றுவெள்ளம் விரிகுடாவைக் கலக்கும், புதர் பூக்காது, கடைகளில் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். ஏப்ரல் நடுவிலும் மேல்கோட்டைக் கழற்ற முடியாத அப்படியொரு வசந்தம் செசபீக் முழுக்க வரவேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். மார்ச் மாதம் முழுக்க ஒரு மீனும் அகப்படாமல் நான் வெறுங்கையோடு திரும்பினாலும் பரவாயில்லை. அந்த வருடம் வலையில் குஞ்சுகள் நிறைந்தால் அதுதான் எனக்கு நல்ல சீசன்.