இலவசப் பொத்தானின் வருவாய்

இணையத்தளம் அமைக்க முற்படுவோர் அதன் பக்கங்களுக்கு அணிசேர்க்கச் சில சிறு கருவிகளைத் தேடுவர். வருவோரை எண்ணிக் காட்டும் கணக்கி, உரையாடற் பெட்டி, படித்ததைப் பிறர்க்கு அனுப்ப உதவும் பகிர்வுப் பொத்தான் முதலிய இவற்றை 'விட்ஜெட்' என வழங்குவர். இவற்றுட் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் அவற்றை ஆக்கும் நிறுவனங்கள் பொறியாளர்க்கு ஊதியம் தருகின்றன. சர்வர்களை இரவும் பகலும் இயக்குகின்றன. அச்செலவுக்குரிய பணம் எங்கிருந்து வருகிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

எளிய வழி ஒன்றுண்டு. டாக்.டு என்னும் நிறுவனம் உரையாடற் பெட்டியை இலவசமாக வழங்கிவிட்டு, அதன் அடியிலுள்ள தன் பெயரை நீக்க விரும்புவோரிடம் கட்டணம் பெறுகிறது. இதிற் குறைகூற ஏதுமில்லை. வேறு சிலர் தம் கருவிகளுக்குள் பிற தளங்களுக்கான இணைப்புகளைப் புகுத்தினர். இணைப்புகள் பெருகினால் தேடுபொறியில் அத்தளங்கள் முன்வரிசைக்கு ஏறும் என்பது அவர்தம் கணக்கு. கூகுள் 2016ஆம் ஆண்டில் இதனை மீண்டும் கண்டித்து எச்சரித்தது.

மூன்றாவது வழியே நின்று நோக்கத்தக்கது. ஆட்திஸ் என்னும் பகிர்வுப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். தள உரிமையாளர் தம் பக்கத்தில் ஒட்டுவது சில வரி நிரல் மட்டுமே. ஆனால் அப்பக்கம் திறக்கப்படும்போதெல்லாம் வாசகரின் கணினி ஆட்திஸின் சர்வரை நாடிச் செல்லும். எந்தப் பக்கம், எந்த நேரம், எந்தக் கணினி என்பன அங்கே பதிவாகும். வாசகர் பொத்தானை அழுத்தவேண்டும் என்பதுகூட இல்லை! காலையில் மருத்துவப் பக்கம், மாலையில் வீட்டுக்கடன் பக்கம் என ஒருவர் சென்ற தளங்களிலெல்லாம் அதே பொத்தான் இருப்பின், அவருடைய தேட்டங்கள் ஒரு கோவையாக உருப்பெறும். அக்கோவையே விளம்பரதாரர்க்கு விற்கப்படும் சரக்கு.

குக்கி என்னும் அடையாளக் கோப்பை அழித்துவிட்டால் தப்பலாமே எனக் கருதுவோரும் உளர். பிரின்ஸ்டன், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்தது. கணினியைக் கண்ணுக்குப் புலப்படாத படம் ஒன்றை வரையச் செய்து, வரைவில் நேரும் நுண்ணிய வேறுபாட்டைக் கைரேகைபோற் கொள்ளும் உத்தியை அவர்கள் கண்டனர். முன்னணித் தளங்கள் 1,00,000இல், நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் அது இருந்தது. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஆட்திஸே காரணம். அது வெறும் சோதனை என விளக்கிய அந்நிறுவனம் பின்னர் அதனை நிறுத்திக்கொண்டது.

2016இல் ஆரக்கிள் நிறுவனம் ஆட்திஸை விலைக்கு வாங்கியது. பொத்தானுக்காகவா வாங்கியது? ஒன்றரைக் கோடித் தளங்களில் அது திரட்டிய செய்திகளுக்காகவே எனலாம். 2023 மே 31 அன்று அச்சேவை மூடப்பட்டது.

இனி, பொத்தானை ஒட்டியவரின் பொறுப்பு யாது? ஃபேஷன் ஐடி என்னும் ஜெர்மானிய ஆடை வணிகத் தளம் ஃபேஸ்புக்கின் 'லைக்' பொத்தானை வைத்திருந்தது. அவ்வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூலை 29 அன்று தீர்ப்பளித்தது. தகவலைத் திரட்டி அனுப்பும் செயலில் தள உரிமையாளரும் கூட்டுப் பொறுப்பாளராவார். ஃபேஸ்புக் அதன்பின் செய்வதற்கு அவர் பொறுப்பாகார். சரியான எல்லைக்கோடு என்றே தோன்றுகிறது. பெற்றவர் இலவசம் என்றே எண்ணினார். கொடுபட்டதோ வாசகருடைய உடைமை.

தளம் நடத்துவோர் தம் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, அதில் எத்தனை அயல் முகவரிகள் உள்ளன என எண்ணிப் பார்க்கலாம். அதற்குச் சில நிமிடங்களே போதும்.