அரைமண்டி முதல் தரை வரை

சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு அமைத்த துணைநகரம் மறைமலை நகர். மனைகளும் தொழிற்பேட்டையும் முதலில் வந்தன. 1990களில் ஃபோர்டு கார் ஆலை வந்தது. 2022இல் அது உற்பத்தியை நிறுத்தியது. பக்கத்துக் காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மேடை நடனம் மட்டும் நெடுங்காலம் பட்டணத்திலேயே தங்கிவிட்டது. பரதத்தை முறையாகக் கற்கத் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவுக்கோ மயிலாப்பூரில் ஒரு குருவின் வீட்டுக்கோ போகவேண்டியிருந்தது. பரதத்தின் எல்லையைத் தாண்டிய நவீன நடனத்தைத் தேடியவர்கள், பெசன்ட் நகர் கடற்கரையோரம் இருந்த சந்திரலேகாவின் வீட்டுக்குப் போனார்கள்.

சந்திரலேகா மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்று 1952இல் அரங்கேறியவர். இடையில் பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்து, 1980களின் நடுவில் திரும்பினார். 1985இல் வந்த ‘அங்கிகா’வில் பரதமும் யோகமும் களரிப்பயட்டும் ஒன்றாகச் சேர்ந்தன. தெய்வக் கதைகளுக்கு அங்கே இடமில்லை. முதுகெலும்பும் மூச்சும் தரையோடு உடலுக்குள்ள உறவுமே படைப்பின் பொருளாயின.

அன்று அந்த வகையில் தேர்ந்த ஆட்டக்காரர் உருவாக ஒரே வழி, படைப்பவரின் பக்கத்திலேயே இருப்பது. வேதியியல் படித்த பத்மினி செட்டூர் 1991இல் சந்திரலேகாவின் குழுவில் சேர்ந்து 2001 வரை ஆடினார். பத்தாண்டுகள் ஒரே கண்ணின் முன்னால் உழைத்த உழைப்பு அது. அடவை மூன்று காலத்திலும் தட்டிப் பழகிய கால்கள், அதே அரைமண்டியில் அசையாமல் நின்று எடையைத் தாங்கக் கற்றன. இந்தப் படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் தவறிய தோள்பட்டையை அன்றே திருத்த ஒருவர் இருந்தார்.

இன்று வழிகள் பல. பெங்களூரில் 1992இல் தோன்றிய ஆட்டக்களரி நவீன நடனத்தைப் பட்டயப் படிப்பாகவே கற்பித்தது. சென்னையில் பரதம் கற்ற ப்ரீத்தி ஆத்ரேயா லண்டன் லாபான் மையத்தில் நடனவியல் படித்துத் திரும்பினார். அவரும் பத்மினியும் வேறு கலைஞர்களோடு சேர்ந்து 2011இல் ‘பேஸ்மெண்ட் 21’ குழுவைத் தொடங்கினார்கள். எடையை இன்னொரு உடலோடு பகிரும் காண்டாக்ட் இம்ப்ரவைசேஷன், தரையில் உருண்டு எழும் ஃப்ளோர் ஒர்க், தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி ஆடும் ரிலீஸ் டெக்னிக் எல்லாம் இன்று பயிலரங்குகளில் கிடைக்கின்றன. முன்பு வலியைப் பொறுத்துக்கொள்வதே பயிற்சி என்று எண்ணினோம். இன்று முழங்கால் எந்தக் கோணத்தில் கெடும் என்று ஆடுபவரே சொல்கிறார்.

புறநகருக்கு மாற்றம் வேறு வாசல் வழியாக வந்தது. 2006இல் விஜய் தொலைக்காட்சியில் ‘ஜோடி நம்பர் ஒன்’, அடுத்த ஆண்டு கலைஞர் தொலைக்காட்சியில் ‘மானாட மயிலாட’ என நடனப் போட்டிகள் வந்தன. அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்காக மறைமலை நகரின் ஜி.எஸ்.டி. சாலையோரக் கட்டடங்களில் மாடிக்கு மாடி டான்ஸ் கிளாஸ் முளைத்தது. எஸ்.ஆர்.எம். ‘மிலன்’ விழாவில் கல்லூரிக் குழுக்கள் மோதுகின்றன. அரங்கேற்றத்துக்கு லட்சங்களைச் செலவழிக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளும், பரத வகுப்பில் அரிதாகவே காணப்பட்ட பையன்களும் இப்போது ஆடுகிறார்கள். இதைச் சிறிய லாபமென்று தள்ளிவிட முடியாது. ஒரு கலை யாருடையது என்ற கேள்விக்கே விடை மாறியிருக்கிறது.

இழந்தது காலம். சந்திரலேகாவின் ‘சரீரா’வில் இரண்டே பேர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிக மெதுவாக அசைந்தார்கள். அந்த நிதானத்தை உடல் தாங்குவதற்கு ஆண்டுகள் வேண்டும். இன்றைய போட்டி மேடை சில நிமிடம்தான் தருகிறது. கைப்பேசிக் காணொளி அதையும் தருவதில்லை. அதனால் பிள்ளைகள் தாவலையும் சுழற்சியையும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். நிற்பதையும் நடப்பதையும் கற்கப் பொழுது வாய்ப்பதில்லை. டைல்ஸ் தரையில் தாவித் தாவிக் கணுக்கால் கெடுகிறது. ஆசிரியருக்கும் வாடகை கொடுக்கவேண்டும், ஆண்டுவிழாக்களுக்கும் கல்யாண மேடைகளுக்கும் ஆட்டம் அமைத்துக் கொடுக்கவேண்டும். ஒரே மாணவரைப் பத்தாண்டு உற்றுப் பார்க்க அவருக்கு வசதியில்லை.

அன்று வாசல் குறுகல். உள்ளே போனவருக்குக் காலம் இருந்தது. இன்று வாசல் அகலம். காலத்தை ஆடுபவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து, பகுதிநேர வேலைக்கு நடுவே, மின்சார ரயிலில் நகரத்துப் பயிலரங்குகளுக்கு ஓடி அதைச் சேர்க்கிறார்கள். திறமையில் இவர்கள் குறைந்தவர்களல்லர். தனித்து உழைக்கிறார்கள் என்பதே வேறுபாடு.

முன்பு ஒரு கலைஞரின் வீடு சுமந்த பொறுப்பை இனி ஓர் ஊர் சுமக்கலாம். இந்தச் சாலையோரம் கல்லூரிகள் இருக்கின்றன, சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு கூடத்துக்கு மரத்தரை போட்டு, காலை வேளைகளில் திறந்துவைத்து, ஓர் ஆசிரியருக்கு ஐந்தாண்டுச் சம்பளம் உறுதி செய்தால் போதும். தொழிற்பேட்டைக்கு இடம் ஒதுக்கிய ஊருக்கு, ஆட்டக்காரரைப் பழக்கவும் ஓர் இடம் ஒதுக்குவது பெரிய காரியமல்ல.