நிலவுக்குப் பின் – 4: ஓய்ந்துபோன உற்பத்தி வரிசை

நிலவில் மனிதர் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத 1969 செப்டம்பரில், துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ தலைமையிலான குழு அதிபர் ரிச்சர்ட் நிக்சனிடம் ஓர் அறிக்கையை அளித்தது. பூமியைச் சுற்றிவரும் நிலையம், அதற்குப் போய்த் திரும்பி மறுபடியும் பறக்கவல்ல விண்ணோடம், 1980-களிலேயே செவ்வாயில் மனிதர் என விரிந்த அத்திட்டம் இன்று படிப்போரையும் மலைக்க வைக்கும். ஆனால் அதற்கு வேண்டிய பெரும் ராக்கெட்டின் உற்பத்தியை நீட்டிப்பதில்லை என்ற முடிவு ஓராண்டுக்கு முன்பே, 1968 ஆகஸ்டிலேயே எடுக்கப்பட்டிருந்தது.

சாட்டர்ன் 5 எனப்பட்ட அந்த ராக்கெட் 110 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 3,000 டன் எடையும் கொண்டது. அதன் மூன்று அடுக்குகளை மூன்று நிறுவனங்கள் தனித்தனியே கட்டின. பதினைந்துக்கு மேல் வாங்குவதற்கில்லை என்று நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப் முடிவுசெய்தபோது, அப்போலோ விண்கலத்தில் ஒருவர்கூட இன்னும் பறந்திருக்கவில்லை. உற்பத்தி வரிசை என்பது வரைபடங்களும் இயந்திரங்களும் மட்டுமன்று. எந்தப் பற்றவைப்பில் பிழை ஒளிந்திருக்கும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த தொழிலாளர்களும் அதில் அடங்குவர், அவர்கள் கலைந்துபோனபின் வரைபடங்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ராக்கெட்டை மீண்டும் எழுப்ப இயலாது. 1970-இல் மூன்று நிலவுப் பயணங்கள் கைவிடப்பட்டன. பறக்காமல் எஞ்சிய ராக்கெட்டுகள் காட்சிப்பொருள்களாயின.

வியட்நாம் போரின் செலவும் நகரங்களில் வெடித்த கலவரங்களும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அவை உண்மையான காரணங்களே. 1966-இல் மத்திய அரசின் செலவில் நான்கு விழுக்காட்டுக்கு மேலிருந்த நாசாவின் பங்கு, 1975-இல் ஏறத்தாழ ஒரு விழுக்காடாகச் சுருங்கியது. எனினும், குறிக்கோள் வகுக்கப்பட்ட விதத்திலேயே அதன் முடிவும் அடங்கியிருந்தது என்பதைப் புறக்கணிக்க முடியாது. 1961-இல் ஜான் கென்னடி கேட்டது, பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதரை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திரும்பக் கொணர்வதை மட்டுமே. 1962 நவம்பரில் வெள்ளை மாளிகையில் ஒலிப்பதிவான உரையாடலில், சோவியத் ஒன்றியத்தை முந்துவதே நோக்கம் என்றும், விண்வெளியில் தமக்கு அவ்வளவு நாட்டமில்லை என்றும் அவர் வெப்பிடம் வெளிப்படையாகவே கூறினார். சோவியத்தின் என்1 ராக்கெட்டும் 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் தோற்றதால், எதிராளியும் இல்லாமற்போனார்.

எஞ்சியிருந்த அப்போலோ 16, 17 பயணங்களையும் ரத்துசெய்யும் யோசனை எழுந்தபோது அதை எதிர்த்தவர், செலவைக் குறைப்பதே பணியான வரவு செலவு அலுவலகத்தின் துணை இயக்குநர் காஸ்பர் வைன்பெர்கர் என்பது கவனிக்கத்தக்கது. நாட்டின் சிறந்த காலம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்திவிடும் என்று 1971 ஆகஸ்டில் அவர் எழுதிய குறிப்பை நிக்சன் ஏற்றார். இரு பயணங்களும் நடந்தன. 1972 ஜனவரியில் விண்ணோடத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அந்த ஓடம் சென்று சேரவேண்டிய நிலையத்தைக் கட்டும் ஆணையோ 1984-இல்தான், ரொனால்ட் ரீகன் ஆட்சியில் பிறந்தது.

(தொடரும்)