நன்னூல் வழியில் ஆங்கிலப் பேச்சு வழக்கு

ஆங்கிலம் எழுதத் தெரிந்த நம்மவர் பலருக்கு, பேச்சு என்று வரும்போது ஒரு தடுமாற்றம். ஒரே பொருளுக்கு நாலு சொல் இருக்கிறது. எதை யாரிடம் சொல்வது? அகராதி பொருளைச் சொல்லும், கேட்கிற ஆளைப் பார்த்துச் சொல்லாது. இதற்குப் பவணந்தி முனிவரின் நன்னூலில் ஒரு வழி கிடக்கிறது என்பது அடியேன் எண்ணம். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலுக்கும் இங்கிலீசுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்க வேண்டாம். (முனிவர் எங்கள் சமயத்தவர் என்ற பாசமும் உண்டுதான், ஆனால் விஷயம் அதுவல்ல.)

முனிவர் வழக்கை இயல்பு, தகுதி என இரண்டாக்குகிறார். தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்று. இவற்றுள் மங்கலத்தை முதலில் எடுக்கிறேன். தவறினால் மனம் புண்படுவது அங்கேதான்.

செத்தாரைத் துஞ்சினார் என்பது உரைகாரர் காட்டும் சான்று. நம் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மன்னர் மறைந்தால் 'நாடு நீங்கினார்' என்பார்கள். ஆங்கிலத்தில் 'டைட்' வெளிப்படைச் சொல். 'பாஸ்ட் அவே' மங்கலச் சொல். 'கிக்ட் த பக்கெட்' நம்மூர் 'மண்டையைப் போட்டான்'. அகராதியில் மூன்றுக்கும் பொருள் ஒன்றே. சாவு விழுந்த வீட்டில் மூன்றாவதைச் சொன்னால் உறவே முறியும்! நாம் வழங்கும் 'எக்ஸ்பயர்ட்' ஒரு தனிக்கதை. நம் நாட்டில் மரணச் செய்திகளில் அது மரியாதையாகவே நிற்கிறது. நமக்குள் அது பிழையில்லை. லண்டன்காரர் காதிலோ மருந்துப் புட்டியில் கெடு முடிந்த தேதிதான் முதலில் ஒலிக்கும். தகப்பனை இழந்த வெளிநாட்டு நண்பரிடம் 'ஐயாம் ஸோ சாரி' என்றால் போதும். 'சாரி' என்றால் மன்னிப்பு மட்டுமே என்று எண்ணி, "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. துக்கத்தில் பங்கு கொள்வதற்கும் அதே சொல்தான். 'கண்டோலன்சஸ்' என்பது அதிகம் பழகாதவருக்கு எழுதும் கடிதத்திற்குப் பொருந்தும்.

ஒரே சொல் இரு காதில் இரு பொருளாவது நமக்குப் புதிதல்ல. சம்சாரம் என்றால் தமிழனுக்கு மனைவி, மலையாளிக்குப் பேச்சு. அதுபோல நாம் 'காலேஜ் பாஸ் அவுட்' என்று பெருமையாகச் சொல்வதை அமெரிக்கர் மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

இடக்கரடக்கலுக்குக் 'கால் கழுவி வந்தேன்' என்பது சான்று. அமெரிக்காவில் 'ரெஸ்ட்ரூம்', கனடாவில் 'வாஷ்ரூம்', இங்கிலாந்தில் நெருங்கியவரிடம் 'லூ'. 'டாய்லெட்' என்பது இங்கிலாந்தில் சாதாரணம், அமெரிக்கருக்குக் கொஞ்சம் பச்சையாகப் படும். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் அமெரிக்காவோடு பேசி வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இது உதவும்.

நன்னூலில் அடங்காத ஒன்று, வியாபாரி என்பதால் சொல்கிறேன். சாலைக் கடைத்தெருவுக்குக் கோவளத்திலிருந்து வெள்ளைக்காரர் வந்தால் கடைப்பையன்கள் 'வெரி சீப்' என்று சரக்கைத் தூக்கிக் காட்டுவார்கள். 'சீப்' என்பதில் மலிவும் உண்டு, மட்டரகமும் உண்டு. வாங்குகிறவர் விலையைப் பார்த்துச் சொன்னால் சந்தோஷம்; விற்கிறவன் தன் சரக்கைப் பார்த்துச் சொன்னால் சரக்குதான் இறங்கும். 'குட் ப்ரைஸ்' என்று விலையைப் புகழட்டும்.

குழூஉக்குறி ஒரு கூட்டத்தாருக்குள் வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போல, ஆங்கிலேயர் பவுனைக் 'க்விட்' என்றும், அமெரிக்கர் டாலரை 'பக்' என்றும் சொல்வர். வாயில் சரி, பில்லில் எழுதக்கூடாது. கூட்டத்துக்கு வெளியே இருப்பவர் எடுத்தாண்டால் ஒட்டாது. அறுபது தாண்டிய நான் பேரனின் சிநேகிதனை 'டூட்' என்றால் இருவருக்குமே கூச்சம்!

மிஞ்சியது மரூஉ. இது இயல்பு வழக்கைச் சேர்ந்தது. கோயம்புத்தூர் கோவையானது போல ஆங்கிலத்தில் 'ஆம்னிபஸ்' தேய்ந்து 'பஸ்', 'ரெப்ரிஜரேட்டர்' தேய்ந்து 'ப்ரிட்ஜ்'. 1710-இல் ஜோனதன் ஸ்விப்ட் இப்படிச் சொற்களைக் குறுக்குவதைக் கண்டித்து எழுதினார். 'மாப்' என்பதும் அவர் வெறுத்த சொற்களில் ஒன்று. அது இன்று பத்திரிகைத் தலைப்பிலேயே வருகிறது. 'கோனா', 'வானா' போன்றவை இன்னும் பேச்சோடு நிற்கின்றன. வேலைக்கு மனுப்போடும் கடிதத்தில் அவற்றை எழுதினால் மனு அங்கேயே நின்றுவிடும். 'ட்ரிவாண்ட்ரம்' ஆங்கிலேயர் வாயில் சிதைந்த பெயர். 1991-இல் அரசு ஆங்கிலத்திலும் திருவனந்தபுரம் என்றே ஆக்கிவிட்டது. ஆட்டோவில் ஏறுகிறவர் பலர் இன்றும் ட்ரிவாண்ட்ரம் என்றுதான் பேசுகிறார்கள்.