கிளட்சில் காற்று, கையில் ஒரு தொழில்

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குடும்பம் ஈப்போ, புந்தோங்கிற்கு வந்தது. எஸ்.பி.எம். எழுதி முடித்ததும் நான் அருகிலிருந்த கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஒரு மாலை, காய்கறி ஏற்றும் பழைய பிக்கப் வண்டி வந்தது. கிளட்ச் பெடலை மிதித்தால் தளதளவென்று இறங்கியது, கியர் விழவில்லை. மறுநாள் விடியலில் உரிமையாளர் சந்தைக்குப் போயாக வேண்டும். கசிந்துகொண்டிருந்த கீழ்ச் சிலிண்டரை மூத்த மெக்கானிக் அண்ணன் மாற்றினார். “இனி உள்ளே இருக்கிற காத்தை எடுக்கணும் தம்பி” என்றார்.

மாணவர்களே, படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிக்கும் பாஸ்கல் கோட்பாடுதான் இது. மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். பெடலோடு இணைந்த மேல்சிலிண்டர் எண்ணெயைத் தள்ள, கியர்பாக்ஸ் அருகிலுள்ள கீழ்ச்சிலிண்டர் நகர்ந்து கிளட்சை விடுவிக்கிறது. எண்ணெய் அநேகமாகச் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்று இருந்தால், கால் கொடுக்கும் பலம் அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்.

செய்முறை எளிது. கீழ்ச்சிலிண்டரில் உள்ள சிறிய திருகில் கண்ணாடி போன்ற ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைப் பிரேக் எண்ணெய் ஊற்றிய போத்தலுக்குள் முக்க வேண்டும். ஒருவர் பெடலைச் சிலமுறை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகைச் சற்றே தளர்த்துவார். குமிழிகளோடு எண்ணெய் வரும். திருகை இறுக்கிய பிறகே பெடலை விட வேண்டும். முன்னதாக விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும்.

நான் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எண்ணெய்க் கிண்ணம் காலியானதைக் கவனிக்கவில்லை. புதிதாகக் காற்று புகுந்து, ஒரு மணி நேர வேலை பாழானது. அண்ணன் திட்டவில்லை. “கீழே பாக்குற கண்ணு மேலேயும் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். வெளியே வந்த பழைய எண்ணெயையும் மறுபடி ஊற்ற விடவில்லை. அது ஈரத்தை உறிஞ்சியிருக்கும். இரவு 9 மணிக்குப் பெடல் கெட்டியானது. கியர் விழுந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலை செய்யும் அண்ணனிடம் ஒரு சான்றிதழும் இல்லை. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழை, அனுபவத்தின் அடிப்படையிலும் பெறலாம். மலாயில் ‘பிபிடி’ எனப்படும் இந்த வழியில், செய்த வேலைகளின் ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். “பாரம் எழுதத் தெரியாதே தம்பி” என்று ஒதுங்கியே இருந்தார் அவர். இப்போது அவர் சொல்ல, நான் எழுதுகிறேன். பழுதுபார்க்கும்போது படமும் எடுக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் சான்றிதழ் இல்லாத கைகாரர் ஒருவர் இருக்கலாம். இன்றே அவரிடம் இதைப் பேசிப் பாருங்கள். எழுதத் தெரிந்த நீங்கள் துணை நின்றால் போதும்.